கடற்கோசும் உமரிக்கீரையும்

கடலோர மணற்பாங்கான நிலத்தில் என்ன பயிராகும் என்று வினவினால், தென்னை, சவுக்கு, முந்திரி என்று நம் அங்கத்தினர்கள் உடனே விடை கூறிவிடுவார்கள். அவற்றிற்கும் அப்பால், அலை தொட்டுப் போகும் இடத்திலும் உப்பளத்து வரப்பிலும் தாமே முளைத்துக் கிடக்கும் பூண்டுகளைப் பயிர் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் உலக மக்கள் உண்ணும் காய்கறிகளுள் சில அத்தகைய இடங்களிலிருந்தே தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. பீட்ரூட்டின் மூதாதை ஒரு கடற்கரைப் பூண்டு. முட்டைக்கோசின் நெருங்கிய உறவினம் ஐரோப்பாவின் கடலோரப் பாறைகளில் இன்றும் தானாக வளர்கிறது.

இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாக ஆராய்வோம். ஆங்கிலேயர் அதனை ஸீ கேல் என்பர்; கடற்கோசு என்று நாம் இங்கே வழங்குவோம். கடற்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த செடி தோட்டப் பயிரானது, பிறகு செல்வர் வீட்டு உணவானது, பிறகு கடைகளிலிருந்து மறைந்தது என்னும் முழு வரலாறும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. புதிய பயிர் ஒன்றைக் கையாள விரும்பும் சங்கங்கள் அதனை அறிந்துகொள்வது பயனுடைத்து. நம் கடலோரத்து உமரிக்கீரை இன்று அவ்வரலாற்றின் முதற்படியிலேயே நிற்கிறது என்பது எமது கருத்து. அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுத முற்பட்டோம்.

செடியும் அதன் இடமும்

கடற்கோசு இங்கிலாந்தின் தென்கரையிலும், மேற்கு ஐரோப்பா, பால்டிக் கடல், கருங்கடல் ஆகியவற்றின் கரைகளிலும் வளர்வது. முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் முட்டைக்கோசைப் போல் இலைகள் உருண்டு திரள்வதில்லை. நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், அலையலையான ஓரத்துடன், மெழுகு பூசினாற்போன்ற பெரிய இலைகள் நிலத்தை ஒட்டிப் பரந்து நிற்கும். கோடையின் தொடக்கத்தில் வெண்ணிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலர்ந்து தேன்மணம் வீசும். குளிர்காலத்தில் இலைகள் யாவும் அழுகி உதிர்ந்துவிடும். மண்ணுக்குள் வேர்முடி மட்டும் உறங்கும். வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். ஒருமுறை வேரூன்றிய செடி பல ஆண்டுகள் வாழும்.

அது விரும்பி வளரும் இடம் மணலுமன்று, சேறுமன்று. கூழாங்கற்கள் குவிந்த கரை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள டஞ்ஜனஸ் என்னும் முனையில் கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கற்களே பரந்து கிடக்கின்றன. அங்கே மண்ணென்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் இச்செடி கற்களினூடே ஆழமாக வேரை இறக்கி, கீழேயுள்ள ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. கரையொதுங்கி மட்கும் கடற்பாசி அதற்கு எருவாகிறது. இலையின் மேலுள்ள மெழுகு உப்புக் காற்றினின்றும் நீரிழப்பினின்றும் அதனைக் காக்கிறது. அதன் காய் பட்டாணி அளவு உருண்டையானது; உள்ளே ஒரே விதை. காயின் ஓடு நெட்டி போல் இலேசானதாகையால் கடல்நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். நம் நாட்டுத் தேங்காய்க்குள்ள வித்தை இதற்கும் உண்டு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவது நலம். கடற்கரைச் செடியாயிற்றே, உப்பு இல்லாமல் வளராது என்று பலர் கருதுகின்றனர். கடற்கோசு உப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் உப்பு அதற்குத் தேவையன்று. நல்ல வடிகாலும் ஆழமான மண்ணும் உள்ள சாதாரணத் தோட்டத்தில் அது கடற்கரையைவிடச் செழிப்பாகவே வளரும். பிற செடிகள் பிழைக்க இயலாத இடத்தில் போட்டியின்றி வாழ அது கற்றுக்கொண்டது, அவ்வளவே. உமரியின் இயல்போ வேறு. அளவான உப்பு இருந்தால்தான் அது நன்கு தழைக்கும். இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். பின்னர் இதற்கு அவசியம் நேரும்.

வெளுக்கச் செய்யும் முறை

முற்றிய கடற்கோசு இலை தடிப்பும் கசப்பும் உடையது. பின் எவ்வாறு அதனை உண்டார்கள்? கடலோரத்து ஏழை மக்கள் ஒன்றைக் கவனித்திருந்தனர். புயலில் கூழாங்கற்கள் மேலே குவிந்து மூடிய இடத்தில், கற்களைத் துளைத்துக்கொண்டு வரும் இளந்தண்டு வெண்மையாகவும், மென்மையாகவும், கசப்பின்றியும் இருக்கும். அது கண்ட மக்கள் தாமே குளிர்கால முடிவில் செடியின்மேல் கற்களைக் குவித்து வைத்து, தண்டு தலைகாட்டும் சமயத்தில் கற்களை விலக்கி அறுத்தெடுத்தனர். அக்கம்பக்கத்துச் சந்தைகளில் விற்றும் வந்தனர்.

இதன் காரணம் எளிது. இலை பச்சையாவது வெளிச்சத்தால். வெளிச்சமே படாமல் வளரும் தளிர் பச்சையம் உண்டாக்குவதில்லை. நாரும் கசப்பும் ஏறுவதற்குள் நீண்டு வளர்ந்துவிடும். வேரில் முந்தைய ஆண்டு சேமித்து வைத்த உணவைக் கொண்டே அது வளர்கிறது. நவராத்திரியிலும் முளைப்பாரித் திருவிழாவிலும் இருட்டறையில் வைத்த முளைகள் வெண்பொன் நிறத்தில் நீண்டு வளர்வதை நம் வீட்டுப் பெண்மக்கள் நன்கறிவர். அதே முறைதான் இது.

இம்முறையைத் தோட்டத்திற்குள் கொண்டுவந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் வில்லியம் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலத் தாவர அறிஞர். கடற்கோசைச் சமையலுக்காகப் பயிரிடும் முறையைப் பற்றி அவர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார்; அது 1799-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். ஆயினும் பிரசுரம் தன் வேலையைச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய வீட்டுத் தோட்டங்களில் கடற்கோசுப் பாத்தி இல்லாத இடம் அரிது என்னும் நிலை வந்தது. அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்ஸனும் வர்ஜீனியாவிலுள்ள மான்டிசெல்லோ என்னும் தம் தோட்டத்தில் இதனைப் பயிரிட்டு, மண்பானை கவிழ்த்து வெளுக்கச் செய்தார்.

பயிரிடும் விவரத்தைச் சற்று விளக்கமாகவே கூறுவோம். ஏனெனில் வேர்த்துண்டு கொண்டு பெருக்கும் வழி வேறு பல செடிகளுக்கும் பொருந்துவது.

விதை விதைத்தால் மூன்றாவது வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். எனவே தோட்டக்காரர்கள் வேர்த்துண்டையே நாடினர். இலையுதிர் காலத்தில் முதிர்ந்த செடியைத் தோண்டி, பக்க வேர்களுள் பென்சில் பருமனுள்ளவற்றை ஐந்தாறு அங்குல நீளத்துக்கு நறுக்குவர். நறுக்கும்போது மேல்முனையை நேராகவும், கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்ட வேண்டும். ஏனெனில் நறுக்கிய பின்னர் எது தலை, எது கால் என்று எவராலும் கூற இயலாது; தலைகீழாக நட்டுவிட்டால் பயிர் பாழ். இச்சிறு உபாயம் எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஈரமணலில் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, மார்ச் மாதத்தில் எடுப்பர். அதற்குள் மேல்முனையில் பல முளைகள் தோன்றியிருக்கும். வலுவான ஒன்றை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிட்டு, முனை ஓரங்குலம் மண்ணுக்குள் இருக்குமாறு ஒன்றரை அடி இடைவெளியில் நடுவர். பூந்தண்டு தோன்றினால் உடனே ஒடித்துவிட வேண்டும். இல்லாவிடில் வேரின் வலிமை வீணாகும். அடுத்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ அறுவடை தொடங்கலாம்.

குளிர்காலத்தில் உதிர்ந்த இலைகளை அகற்றிவிட்டு, ஜனவரி மாதத்தை ஒட்டி ஒவ்வொரு செடியின்மேலும் ஒரு மண்பானையைக் கவிழ்ப்பர். இதற்கென்றே குயவர்கள் தனிப் பானை செய்தனர். அதற்கு அடிப்பாகம் கிடையாது. மேலே எடுத்து மூடத்தக்க மூடி உண்டு. பானையை அசைக்காமல் மூடியை மட்டும் தூக்கித் தளிர் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். விரைவில் அறுவடை வேண்டுமாயின் பானைகளைச் சுற்றிக் குதிரைச் சாணமும் சருகும் கலந்து குவிப்பர். அது புழுங்கிச் சூடு தரும். தளிர் ஆறு முதல் ஒன்பது அங்குலம் வளர்ந்ததும் வேர்முடியின் சிறு பகுதியோடு சேர்த்து அறுப்பர். வேறு காய்கறி எதுவும் கிட்டாத பின்பனிக் காலத்தில் இது கிடைத்ததே இதன் பெருமைக்குக் காரணம். மே மாதத்திற்குப் பிறகு அறுப்பதில்லை. பானைகளை நீக்கி, எருவிட்டு, கோடை முழுவதும் செடியை இலை விட்டு வளரச் செய்தால்தான் அடுத்த ஆண்டுக்கு வேரில் உணவு சேரும். பேராசை கொண்டு கோடையிலும் அறுத்தவன் மறு ஆண்டு வெறும் பானையைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

சமைப்பதில் பெரிய வேலை ஒன்றுமில்லை. தண்டுகளைக் கழுவி, ஆவியிலோ கொதிநீரிலோ சில நிமிடங்கள் வேகவிட்டு, உருக்கிய வெண்ணெய் ஊற்றி உண்பர். பாதாம் பருப்பையும் இளங்கோசையும் சேர்த்தாற்போன்ற சுவை என்பர். இளம் பூமொட்டுகளையும் காலிஃபிளவர் போல் வேகவைத்து உண்ணலாம்.

சந்தையில் தோற்ற காரணம்

இத்தகைய பயிர் ஏன் மறைந்தது? இதற்கு இரண்டு காரணங்கள்; இரண்டும் நமக்கு அந்நியமானவை அல்ல.

முதலாவது, கடற்கரைச் செடிக்கு நேர்ந்த கதி. தோட்டப் பயிராகப் புகழ் பெற்றதும், பணங்கொடுத்து வேர் வாங்குவதற்குப் பதிலாகக் கரையிலிருந்து தோண்டிச் செல்வது பலருக்கு எளிதாயிற்று. தளிரை அறுத்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் அக்கரையில் அச்செடி இல்லை. பொதுச் சொத்தாகக் கிடந்ததனால் தடுப்பார் எவருமில்லை. பல கரைகளில் அது அருகிப்போயிற்று. இன்று பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றமாகும்.

இரண்டாவது காரணம் வாணிபத்தைச் சார்ந்தது. வெளுத்த தளிர் அறுத்த சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்கும். கை பட்டால் கறுக்கும். தோட்டத்திலிருந்து நேரே அடுக்களைக்குப் போகும்போது ஒப்பற்றது; மூட்டை கட்டி இரயிலேற்றிக் கடையில் இரண்டு நாள் வைத்தால் ஒன்றுக்கும் உதவாதது. பெரிய வீடுகளில் தோட்டக்காரர்கள் கூட்டமாக இருந்த காலத்தில் அது நிலைத்தது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு பானை, ஒவ்வொரு பானைக்கும் தனிக் கவனிப்பு என்னும் உழைப்புக்கு ஆள் கிடைக்காத காலம் வந்ததும், பெரிய சந்தைக்குப் பயிரிடுவோர் கைவிட்டனர். இப்பொழுது அங்கே சில சிறு பண்ணையாளர்களும் வீட்டுத் தோட்டக்காரர்களும் மட்டுமே வளர்த்து வருகின்றனர்.

செடியில் குறை ஒன்றுமில்லை. விளைவிப்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையிலுள்ள தூரமே அதனை வீழ்த்தியது. பால் சங்கத்து அங்கத்தினர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கறந்த பால் குளிர்நிலையத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால், பசு எவ்வளவு உயர்ந்த சாதியாக இருந்தும் பயனென்ன? கீரைக்கும் அதே கணக்குத்தான். புதிய பயிர் பற்றிப் பேசவரும் சங்கங்களில் விதை எங்கே கிடைக்கும் என்று முதலில் கேட்கிறார்கள். அறுத்த அன்று மாலைக்குள் அது யார் கைக்குப் போகும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

கடற்கோசை நம் சமவெளியில் பயிரிடலாமா என்று வினவுவோருக்கு, வேண்டாம் என்பதே எமது விடை. குளிர்காலத்தில் உறங்கி எழுவது அதன் இயல்பு. அந்த உறக்கம் நம் கடலோரத்தில் அதற்குக் கிட்டாது.

களையென்று கருதிய இரண்டு

ஐரோப்பியக் கடற்கரையில் கடற்கோசுக்கு அண்டையிலேயே வளரும் வேறு இரு பூண்டுகளைப் பற்றியும் கூற வேண்டும். ஒன்று கடல் பீட். பளபளப்பான தடித்த இலையை உடையது; கீரையாக உண்ணலாம், பசலையைவிடச் சுவையானது என்போரும் உளர். அதன் மரபிலிருந்தே பீட்ரூட்டும், பின்னர் சர்க்கரைப் பீட்டும் தோன்றின. பீட் கிழங்கிலுள்ள சர்க்கரை கரும்புச் சர்க்கரையே என்பதை மார்கிராப் என்னும் ஜெர்மானிய இரசாயன நூலார் 1747-இல் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் 1801-இல் முதல் பீட் சர்க்கரை ஆலையைச் சைலீசியாவில் ஏற்படுத்தினார்.

கதை அங்கே முடியவில்லை. வயலில் தலைமுறை தலைமுறையாக இனிப்புக்காகவே பொறுக்கி வளர்த்த சர்க்கரைப் பீட் நோய்க்கு எளிதில் இரையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலியில் முனராட்டி என்பவர் போ நதியின் கழிமுகத்தில் தானாக வளர்ந்த கடல் பீட்டோடு அதனைக் கலந்து, இலைப்புள்ளி நோயைத் தாங்கும் வகைகளைப் பெற வழிகாட்டினார். பின்னர் வேர்களைத் தாடிபோல் அடர்ந்து கெடச் செய்யும் கொடிய நச்சுயிரி நோயொன்று ஐரோப்பாவெங்கும் பரவியபோது, டென்மார்க்குக் கடற்கரையில் சேகரித்த கடல் பீட்டிலும் அதற்கு எதிர்ப்புச் சக்தி கிடைத்தது. ஒன்றுக்கும் உதவாதது என்று எவரேனும் அக்கரைகளை முற்றிலும் அழித்திருந்தால், பீட் விவசாயி எங்கே போய்க் கேட்டிருப்பான்? இது நமக்குப் புதுமையன்று. கோயம்புத்தூரில் பார்பரும் வெங்கடராமனும் ஆற்றோரத்துக் காட்டுக் கரும்பாகிய நாணலை ஆலைக் கரும்போடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்னும் வகை 1918-இல் வெளிவந்து வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியதை அங்கத்தினர்கள் அறிவர்.

மற்றொன்று, சேற்றுக் கரையில் இலையில்லாமல் கணுக்கணுவாக நிற்கும் சதைப்பற்றுள்ள பூண்டு. ஆங்கிலேயர் அதனைக் கண்ணாடிப் பூண்டு என்னும் பொருள்படவும் அழைப்பர். நெசவாளர் சகோதரர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். கடலோரத்து உவர்ச் செடிகள் உப்பிலுள்ள சோடியத்தை உடலில் சேர்த்துக்கொள்வதால், அவற்றை எரித்த சாம்பலில் சோடாக்காரம் மிகுதி. அக்காலத்தில் ஐரோப்பாவில் கண்ணாடி செய்வதற்கும், சோப்பு காய்ச்சுவதற்கும், லினன் துணியை வெளுப்பதற்கும் இச்சாம்பலே ஆதாரம். ஸ்பெயின் நாடு இத்தகைய செடிகளைப் பயிரிட்டே எரித்து, சாம்பலைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தது. கடலுப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்கு லெப்ளாங் என்னும் பிரெஞ்சுக்காரர் 1791-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். அம்முறை பரவப் பரவச் சாம்பல் வாணிபம் நசித்தது. பூண்டு மட்டும் கரையில் நின்றது. இப்பொழுது அதன் இளநுனிகளைக் கீரையாகவும், காடியில் ஊறவைத்த ஊறுகாயாகவும் இங்கிலாந்தில் மீன் கடைகளில்கூட விற்கின்றனர். நெதர்லாந்தில் வயலிலேயே பயிரிடுகின்றனர்.

நம் உமரி

அந்தப் பூண்டின் உடன்பிறப்பே நம் உமரி. உமரி என்னும் பெயர் ஒரே செடிக்கு உரியதன்று. கணுக்கணுவாக இலையில்லாதது போல் நிற்பதும் உமரி. சிறு உருளை இலைகளுடன் புதராக வளர்வதும் உமரி. ஊருக்கு ஊர் வழக்கு மாறுபடும். இக்காலத் தாவர நூலார் இவற்றை முளைக்கீரையின் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர், பீட்ரூட்டும் அக்குடும்பமே. வேதாரண்யம், பிச்சாவரம், தூத்துக்குடி முதலிய இடங்களின் உவர்ச் சேற்று நிலங்களிலும் உப்பளங்களின் ஓரத்திலும் இவற்றைக் காணலாம்.

இக்கீரையின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. அதனை அங்கத்தினர் அனைவரும் அறிய வேண்டும். வில்லியம் ராக்ஸ்பரோ என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் கம்பெனி உத்தியோகத்தில் சென்னைக்கு வந்து, பின்னர் இன்றைய ஆந்திரக் கடற்பகுதியைச் சேர்ந்த சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் தங்கித் தாவர ஆராய்ச்சி செய்தவர். அவர் அங்கிருந்த காலத்தில், 1791 முதல் 1793 வரை, கொடிய பஞ்சம் நேரிட்டது. சிற்றிலை உமரியைப் பற்றி எழுதுமிடத்தில் அவர் அப்பஞ்சத்தைக் குறிப்பிடுகிறார். இக்கீரையைக் கரையோரத்து மக்கள் எல்லா வகுப்பினரும் உண்பதாகவும், உடலுக்கு நல்லதென மதிப்பதாகவும், பஞ்ச காலத்தில் இந்த இலை ஒன்றே பல ஆயிரம் உயிர்களைக் காத்ததாகவும், கடலுக்கு அருகிலிருந்த ஏழைகளுக்குச் செடி இருந்தவரையில் வேறு உணவே அநேகமாக இல்லை என்றும் அவர் எழுதி வைத்துள்ளார். பிரான்சில் சாம்பலுக்கு மாற்றுக் கண்டுபிடித்த அதே 1791-ஆம் ஆண்டில், நம் கிழக்குக் கரையில் அந்தச் சாம்பல் பூண்டின் இனத்தைத் தின்று மக்கள் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

செடி இருந்தவரையில் என்று அவர் எழுதியதை நாம் மறத்தலாகாது. பறிக்கப் பறிக்கக் குறைந்தது என்பதே அதன் பொருள். கடற்கோசுக்கு ஆங்கிலக் கரையில் நேர்ந்ததும் அதுவே.

கீரை உண்ணும் வழக்கம் நம் கடலோர ஊர்களில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அதனை உண்பது வறுமையின் அடையாளம் என்று கருதும் மனப்பான்மை வளர்ந்திருக்கிறது. கடலோரச் சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லும்போது உமரிக்கீரை பற்றி விசாரித்தால், பாட்டியார் சமைப்பார் என்று சொல்லிச் சிரிப்பார்களேயன்றி, எமது வீட்டில் சமைப்போம் என்று சொல்பவர் குறைவு. ஐரோப்பாவின் உணவு விடுதிகளில் அதன் உடன்பிறப்பு உயர்ந்த உணவாகப் பரிமாறப்படுகிறது என்பதை அவர்களிடம் சொல்லிப் பார்த்தோம், நம்புகிறவர்கள் அதிகமில்லை.

ஆராய்ச்சிச் சாலைகள் சும்மா இருக்கவில்லை. குஜராத்தின் பாவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையம் உமரியை ஆராய்ந்து, அதிலிருந்து ஒரு தாவர உப்பை உண்டாக்கும் முறையைக் கண்டது. வேதாரண்யத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்த் தாவரங்களுக்கென்றே ஒரு தோட்டத்தை ஏற்படுத்தியிருக்கிறது. இம்முயற்சிகளின் அவசியம் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் பகுதி மக்களுக்கு நன்கு தெரிந்தது. ஆழிப்பேரலை வயல்களுக்குள் புகுந்து உப்பைத் தேக்கிச் சென்றது. மழைநீரால் உப்பைக் கழுவி நெல்லை மீட்பதே அப்போது முதல் வேலை. அவ்வாறு மீட்க இயலாத தாழ்ந்த உவர் நிலத் துண்டுகளும், கடல்நீர் ஊறிக் கெட்ட கிணறுகளும் கடலோரத்தில் பல உள்ளன. அத்தகைய நிலத்திற்குத்தான் உமரி பொருந்தும்.

நல்ல நிலத்தில் உமரிக்காக உப்புநீர் பாய்ச்ச எண்ணுவோர் எவரேனும் இருப்பின் அவரை வன்மையாகக் கண்டிக்கிறோம். முன்னர்க் கூறிய வேற்றுமை இங்கேதான் பயன்படும். உப்பை விரும்பும் செடிக்காக உப்பில்லாத மண்ணைக் கெடுத்தால், பக்கத்து வயல்காரனுடைய கிணறும் சேர்ந்து கெடும். ஏற்கனவே கெட்டுக் கிடக்கும் துண்டில் ஐந்து அல்லது பத்து சென்ட் அளவில் பயிரிட்டுப் பார்ப்பதே போதுமானது. அதற்கு முன்னர், அருகிலுள்ள பட்டணத்தில் வாரத்திற்கு எத்தனை கட்டுக் கீரை எவர் வாங்குவர் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விலையைச் செய்தித்தாளில் கண்டு சங்கத்துப் பங்குத் தொகையை இதில் இறக்குவது கூடாது. அந்த விலை அந்த ஊர்க் கடைக்காரனுக்கு உரியது.

கரையிலிருந்து பறிப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சதுப்பு நிலங்களும் அலையாத்திக் காடுகளும் கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு உட்பட்டவை. பல இடங்கள் காப்புக் காடுகள். அங்கே அனுமதியின்றிக் கை வைத்தலாகாது. அனுமதியுள்ள இடத்திலும் இளநுனியைக் கிள்ள வேண்டுமே தவிர வேரைப் பிடுங்கலாகாது. பூத்து விதை பிடிக்கும் பருவத்தில் விட்டுவிட வேண்டும். ஆலைக் கழிவுநீர், இறால் பண்ணை வடிகால், பட்டணத்துச் சாக்கடை ஆகியவை கலக்கும் இடங்களில் வளர்ந்த உமரியை உண்ணுதல் தகாது. ஏனெனில் உப்பைச் சேர்ப்பது போலவே நச்சு உலோகங்களையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்பு இத்தகைய செடிகளுக்கு உண்டு. கரையில் பச்சையாகக் காண்பதெல்லாம் கீரையுமன்று. மணலில் குதிரைக் குளம்பு போன்ற இலையுடன் படர்ந்து செந்நீலப் பூப்பூக்கும் அடும்பங்கொடி மணலைக் காப்பது, சட்டிக்கு உரியதன்று. செடியை ஐயமற அறிந்த முதியோரை உடன் வைத்துக்கொண்டே பறிக்க வேண்டும்.

சமைக்கும் முறையைக் கூறுகிறோம். கையால் கிள்ளினால் நார் இல்லாமல் ஒடியும் நுனிகளை மட்டும் எடுக்கவும். தண்டின் நடுவே மரம்போன்ற நரம்பு ஏறியிருந்தால் அப்பகுதியைத் தள்ளிவிடவும். மும்முறை நல்ல நீரில் அலசி, நிறையக் கொதிநீரில் போட்டுச் சில நிமிடங்கள் வேகவிட்டு, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடியும் புது நீரில் ஒருமுறை கொதிக்கவிட்டுப் பிழியவும். உப்பின் பெரும்பகுதியும், ஆக்ஸாலிக் அமிலத்தில் ஒரு பகுதியும் அந்நீரோடு போய்விடும். இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் இதனை விலக்குவதே நலம். பிழிந்த கீரையை வேகவைத்த பாசிப்பருப்போடு சேர்த்து, சிறிய வெங்காயமும் மிளகாய் வற்றலும் தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்கலாம். கடலோரத்தில் இறாலோடு சேர்த்துச் சமைப்பதும் பொருந்தும். எவ்வகையாயினும் கீரை வெந்து, வாயில் ஒரு துளி போட்டுப் பார்க்கும் வரையில் உப்புச் சாடியைத் திறக்க வேண்டாம்.